ரெண்டு கவருமெண்டு பள்ளிக்கூடம், ஒரு புள்ள... அரிமளம் பக்கத்துக் கதை

மே மாசம் பாதி தாண்டிருச்சுன்னா எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் ஒரே பேச்சுதான். "புள்ளைய எங்க சேர்க்கப் போறீக?" டீக்கடையில, ரேஷன் கடை வரிசையில, கல்யாண வீட்டுப் பந்தியில, எங்க பார்த்தாலும் இதே கேள்வி.

உடனே 'அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா'ங்கிற பட்டிமன்றத்துக்கு வந்துட்டான்னு நினைச்சுடாதீங்க மக்களே. அது எல்லாரும் அடிச்சுத் துவைச்சுக் காயப்போட்ட மேட்டர். நான் சொல்ல வர்றது அதைவிடச் சின்ன விஷயம். ரெண்டுமே கவருமெண்டு பள்ளிக்கூடம். ரெண்டுலயும் அதே பாடப் புத்தகம், ஒரே சம்பளம் வாங்குற வாத்தியார்கள், அதே பப்ளிக் பரீட்சை. நடுவுல நாலஞ்சு கிலோமீட்டர். ஆனாலும் ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்டி இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போகுது ஒரு கூட்டம். ஏன்?

"அங்கதான் நல்லா சொல்லித் தர்றாங்க"ன்னு ஒத்தை வரியில பதில் வரும். அது பொய் இல்ல. ஆனா முழு உண்மையும் இல்ல. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா (கொசுவத்தி சுத்த ரெடியா?) வேற ஒண்ணு தெரியுது. ஒவ்வொரு காலத்துலயும் பெத்தவங்க முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே பாதி முடிவை வேற யாரோ எடுத்து வெச்சிருக்காங்க. ஒரு காலத்துல அது பள்ளிக்கூடக் கதவு. அப்புறம் தூரம். அப்புறம் 'குரூப்'. இப்போ ஒரு சர்டிபிகேட். மிச்சம் இருக்கிற பாதியிலதான் நாம தேர்ந்தெடுத்துக்கிட்டு இருக்கோம்.

சரி, ஊரைப் பத்தி ரெண்டு வரி. அரிமளம் புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் தாலுகாவுல இருக்கிற பேரூராட்சி. ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம். நகரத்தார் ஊர்கள்னு சொல்ற வரிசையில இதுவும் ஒண்ணு. ராயவரம், கடியாபட்டி, திருமயம் எல்லாம் அக்கம் பக்கம். 1948 மார்ச் 3 வரைக்கும் இது பிரிட்டிஷ் இந்தியாவே இல்ல, தொண்டைமான் ராஜாக்களோட புதுக்கோட்டை சமஸ்தானம். அன்னிக்கு சென்னை மாகாணத்தோட சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள்ள வந்துச்சு. 1974 ஜனவரி 14-ல தனி மாவட்டமாச்சு. இதை ஏன் சொல்றேன்னா, பள்ளிக்கூடக் கதை சமஸ்தான காலத்துலயே ஆரம்பிச்சிருது.

கதவு

சமஸ்தானத்துல பெரிய படிப்புன்னா புதுக்கோட்டை டவுன்தான். அங்க இருந்த பள்ளிக்கூடம் 1880-ல காலேஜா உயர்ந்து மகாராஜா காலேஜ்னு பேர் வாங்குச்சு. திருமயத்துல 1887-ல பொறந்த தீரர் சத்தியமூர்த்தி அங்க படிச்சுட்டுத்தான் மெட்ராஸ் போனார். அவருக்கு ஒரு வருஷம் மூத்தவங்க, புதுக்கோட்டையிலயே 1886-ல பொறந்த முத்துலட்சுமி ரெட்டி. ரெண்டு பேருக்கும் காலேஜ் ஒண்ணுதான், ஆனா கதவு ஒண்ணு இல்ல.

முத்துலட்சுமியோட அப்பா நாராயணசாமி ஐயர் அதே காலேஜ்ல முதல்வரா இருந்தவர். இருந்தும் மகளைச் சேர்க்க முடியல. வயசுக்கு வந்த பொண்ணை வெளிய அனுப்புறதே வழக்கமில்லாத காலம். வீட்டுலயே பாடம் சொல்லிக் கொடுத்து மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ண வெச்சாங்க. அதுக்கு மேல படிக்கணும்னா ஆம்பளைப் பசங்க படிக்கிற அந்தக் காலேஜ்தான் வழி. பொண்ணு வந்தா பசங்க கெட்டுப் போவாங்கன்னு எதிர்ப்பு. அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகம்ங்கிறதால பொறப்பைச் சொல்லியும் எதிர்ப்பு. கடைசியில ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே தலையிட்டு அனுமதி கொடுத்தார். 1904-ல அந்தக் காலேஜ்ல ஒரே ஒரு பொண்ணு. 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம், 1927-ல சட்ட மேலவை, 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை... மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

இதுல நான் கவனிக்கிறது ஒரே விஷயம். அப்பா காலேஜ் முதல்வர். படிச்சவர். மகள் மேல நம்பிக்கை வெச்சவர். ஒரு பெத்தவங்ககிட்ட நாம எதிர்பார்க்கிற எல்லாமே இருந்துச்சு. ஆனா கதவைத் திறக்க ஒரு ராஜா தேவைப்பட்டார். ராஜா வரைக்கும் போக வழி இல்லாத அப்பாக்களோட பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

சாதிக் கதவு இதைவிடக் கனம். சமஸ்தானத்துக்கு வெளிய, சென்னை மாகாண சட்டசபையில 1924-ல ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்து நிறைவேத்தினார். பொது ரோடு, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் இதையெல்லாம் எந்தச் சாதிக்காரரும் பயன்படுத்தலாம்னு. யோசிச்சுப் பாருங்க. ரோட்டுல நடக்கிறதுக்கே தீர்மானம் போட வேண்டியிருந்த காலத்துல, அந்த ரோட்டோட முனையில இருக்கிற பள்ளிக்கூடத்தை எப்படித் 'தேர்ந்தெடுக்கிறது'? வாத்தியார் நல்லவரா இல்லையாங்கிற கேள்வியே வராது, தெருவுக்குள்ள கால் வெக்கலாமாங்கிறதுதான் கேள்வி.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம், டொபீகா நகரம். 1950-ல ஆலிவர் பிரவுன்னு ஒரு அப்பா தன் மக லிண்டாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுல இருந்து ஏழு தெரு தள்ளி இருந்த சம்னர் ஆரம்பப் பள்ளிக்குப் போனார். அது வெள்ளைக்காரப் புள்ளைங்களுக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. லிண்டா தினமும் ரயில்வே யார்டு வழியா நடந்து, பஸ் புடிச்சு, தூரத்துல இருந்த மன்றோ பள்ளிக்குப் போகணும். ரெண்டுமே அரசுப் பணத்துல நடக்கிற பொதுப் பள்ளி. மொத்தம் 13 பெத்தவங்க சேர்ந்து போட்ட அந்த வழக்குதான் 1954 மே 17-ல தீர்ப்பான பிரவுன் வழக்கு. அதுல ஒரு சுவாரசியம் இருக்கு. கட்டடம், பாடத்திட்டம், வாத்தியார் சம்பளம் இதுலயெல்லாம் ரெண்டு வகைப் பள்ளியும் சமமா இருக்கு, இல்ல சமமாகிட்டு வருதுன்னு கோர்ட்டே ஒத்துக்குச்சு. இருந்தும், பிரிச்சு வெச்சதே அநியாயம்னு தீர்ப்புச் சொல்லுச்சு. "ரெண்டும் ஒண்ணுதானே, எதுல படிச்சா என்ன?"ன்னு கேக்குறவங்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

தூரம்

கதவு திறந்தப்புறம் அடுத்த வில்லன் தூரம்.

எங்க பக்கத்துல பர்மா, மலாயா போய் வியாபாரம் பண்ணின நகரத்தார் குடும்பங்கள் கோயிலோட பள்ளிக்கூடமும் கட்டினாங்க. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல பொறந்தது அரிமளத்துக்குப் பக்கத்துல இருக்கிற ராயவரத்துலதான். ஆரம்பப் படிப்பு சொந்த ஊர்லயே. உயர்நிலைப் படிப்புக்கு கடியாபட்டியை ஒட்டி இருக்கிற ராமச்சந்திரபுரம், பூமீஸ்வர சுவாமி இலவச உயர்நிலைப் பள்ளி. பேர்லயே 'இலவச' இருக்கு பாருங்க. உயர்நிலைப் பள்ளிக்கு சம்பளம் கட்டிப் படிச்ச காலத்துல அந்த ஒரு வார்த்தைக்கு இருந்த மதிப்பே வேற. பள்ளிக்கூடத்துக்கு நண்பர்களோட நடந்து போற வழியிலதான் அவர் பாட்டுக் கட்ட ஆரம்பிச்சார்னு அவரைப் பத்தி எழுதினவங்க சொல்வாங்க. கவிஞருக்கு நடை நல்லது பண்ணிச்சு. எல்லாப் புள்ளைக்கும் அப்படி இல்ல. நடக்க முடிஞ்ச பையன் படிச்சான், நடக்க விடாத பொண்ணு அஞ்சாம் வகுப்போட நின்னுச்சு.

அந்தக் காலத்துல ஒரு ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வர்றது வள்ளல் எந்த ஊர்ல பொறந்தார்ங்கிறதைப் பொறுத்த விஷயம். அதைக் கணக்காக்கினது காமராஜர் காலம். 1954-ல முதல்வரானவர், 1963 வரைக்கும். ஒரு மைலுக்குள்ள ஆரம்பப் பள்ளி, அஞ்சு மைலுக்குள்ள உயர்நிலைப் பள்ளின்னு இலக்கு வெச்சு வேலை நடந்துச்சு. 1956-ல மதிய உணவு. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊர்க்காரங்களையே பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுக்க வெச்சார். 1960-கள்ல படிப்படியா பள்ளிப் படிப்பு முழுக்க இலவசமாச்சு.

இதோட ஒரு பக்க விளைவை யாரும் அவ்வளவா பேசுறதில்ல. பள்ளிக்கூடம் பெருகினப்புறம்தான் 'எந்தப் பள்ளிக்கூடம்'ங்கிற கேள்வியே பொறந்துச்சு. ஒண்ணு மட்டும் இருந்தப்போ போறதா வேணாமாங்கிறதுதான் கேள்வி. ரெண்டு வந்தப்புறம்தான் ஒப்பீடு.

ஆனா அஞ்சு மைல்ங்கிறது எட்டு கிலோமீட்டர். ஆபீஸ்ல மேப்பைப் பார்த்து வட்டம் போடுறவருக்கு அது பக்கம். கருவைக்காட்டு ஒத்தையடிப் பாதையில பன்னெண்டு வயசுப் பொண்ணை அனுப்புற அப்பத்தாவுக்கு அது வேற நாடு. இந்த இடைவெளியைக் குறைச்சதுல எங்க மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1991-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, எழுத்தறிவோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதா பி. சாய்நாத் எழுதியிருக்கார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மா சைக்கிள்லயும் போறாங்கன்னா, மக சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறதை யார் தடுக்க முடியும்?

பத்து வருஷம் கழிச்சு 2001-ல தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சு, பிறகு ப்ளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் விரிச்சாங்க. சைக்கிளால என்ன ஆயிரும்னு கேக்குறவங்களுக்கு பீகார் கணக்கு இருக்கு. 2006-ல அங்க ஒன்பதாம் வகுப்புல சேர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் திட்டம் வந்துச்சு. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ஞ்சு 2017-ல வெளியிட்டாங்க. உயர்நிலைப் பள்ளியில அந்தந்த வயசுக்குச் சேர்ற பொண்ணுங்க எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருக்கு, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சிருக்கு. பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டருக்கு மேல இருந்த ஊர்கள்லதான் பலன் அதிகம். புதுசா ஒரு வாத்தியார் போடல, பாடத்தை மாத்தல. ரெண்டு சக்கரம். அவ்ளோதான்.

குரூப்

அடுத்த திருப்பம் 1978. அதுவரைக்கும் பதினொண்ணு வருஷம் பள்ளிக்கூடம், எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் காலேஜ்ல பி.யு.சி. 1978-ல தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ வந்துச்சு, முதல் ப்ளஸ் டூ பரீட்சை 1980-ல. காலேஜ்ல இருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்குள்ள வந்ததால, பள்ளிக்கூடங்கள் ரெண்டு சாதியாப் பிரிஞ்சுது. பத்தோட நிக்கிற உயர்நிலைப் பள்ளி, பன்னெண்டு வரைக்கும் போற மேல்நிலைப் பள்ளி.

பேப்பர்ல பார்த்தா இது ஒரு வரி மாத்தம். பத்து முடிச்சவன் பக்கத்து ஊருக்குப் போய் ப்ளஸ் ஒன் சேர்ந்துக்கலாம். ஆனா பெத்தவங்க மூளை அப்படி வேலை செய்யாதே! "அங்கயே படிச்ச புள்ளைக்குத்தான் முதல்ல ஃபர்ஸ்ட் குரூப் கொடுப்பாங்க. நம்ம புள்ள போய் நின்னா மிச்சம் மீதிதான்." அதனால ஒன்பதாவதுலயே மாத்து. ஒன்பதாவதுல இடம் கிடைக்கலன்னா என்ன பண்றது? ஆறாவதுலயே மாத்து. இப்படி ப்ளஸ் ஒன்ல எடுக்க வேண்டிய முடிவு அஞ்சு வருஷம் முன்னாடி நகர்ந்து போச்சு. பதினொரு வயசுப் பயலுக்கு பயாலஜி வேணுமா கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணுமான்னு திண்ணையில உக்காந்து முடிவு பண்ற கொடுமை இப்படித்தான் ஆரம்பிச்சுது :-)

சாப்ட்வேர்காரன் பாஷையில சொல்லணும்னா, கடைசி மாட்யூல்ல இருக்கிற ஒரு கண்டிஷன் முதல் மாட்யூல் வரைக்கும் வந்து பிழைப்பைக் கெடுக்குது.

மேல்நிலைப் பள்ளியாத் தரம் உயர்த்த ஊர் ஊரா மனுக் கொடுத்தாங்க. ஊர்ப் பங்களிப்பா பணம் கட்டணும், இடம் காட்டணும், பக்கத்துல எத்தனை கிலோமீட்டர்ல இன்னொரு மேல்நிலைப் பள்ளி இருக்குன்னு தூரச் சான்று வேணும். கட்ட முடிஞ்ச ஊர் மேல ஏறுச்சு. முடியாத ஊர் பத்தோட நின்னுச்சு. அப்புறம் 2012-13 வாக்குல அரசுப் பள்ளிகள்ல ஆங்கில வழிப் பிரிவுகளைப் பெரிய அளவுல திறந்தாங்க. அது எந்தப் பள்ளியில இருக்கு, எதுல இல்லங்கிறது இன்னொரு சல்லடை.

சர்டிபிகேட்

இப்போ நடக்கிறது புது அத்தியாயம். 2020-ல தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. ஆறாம் வகுப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சு நீட் பாஸ் பண்ணினவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. முதல் வருஷமே நானூறு இடம் அளவுக்கு அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குக் கிடைச்சுது. 2021-ல இன்ஜினியரிங், விவசாயம், சட்டம்னு மத்த தொழில் படிப்புகளுக்கும் விரிச்சாங்க. 2022 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொல்லுச்சு.

நல்ல சட்டம். நான் எதிர்ப்பு இல்ல. ஆனா இது வீடுகள்ல என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. இதுல 'அரசுப் பள்ளி'ன்னா மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. அரிமளம் மாதிரி செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்கள்ல இது சாதாரண விஷயம் இல்ல. அந்தக் காலத்து வள்ளல்கள் கட்டின பல பள்ளிக்கூடங்கள் உதவி பெறும் பள்ளியாத்தான் இருக்கு. வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்குது, புத்தகம் அரசாங்கம் கொடுக்குது, சத்துணவு அரசாங்கம் போடுது, படிக்கிறதும் அதே ஏழைப் புள்ளைங்கதான். ஆனா சர்டிபிகேட்ல அது வேற. தாத்தா படிச்ச பள்ளிக்கூடம், அப்பா படிச்ச பள்ளிக்கூடம். பேரனுக்கு மட்டும் அந்த வாசலைத் தாண்டிப் போகச் சொல்லுது ஒரு விதி.

பொண்ணுங்களுக்கும் இதே கதை. 2022 செப்டம்பர் 5-ல புதுமைப் பெண் திட்டம் ஆரம்பிச்சாங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருக்கிற திட்டம் அது. முத்துலட்சுமி ரெட்டி மாதிரியே தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினவங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய். முதல்ல உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. பிறகு 2024 கடைசியிலதான் தமிழ் வழியில படிச்ச உதவி பெறும் பள்ளி மாணவிகளையும் சேர்த்தாங்க. இடையில ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தேடின அம்மாக்கள் என்ன கணக்குப் போட்டிருப்பாங்க? அதேதான்.

முத்துலட்சுமியோட அப்பாவுக்கு ராஜா கையெழுத்து தேவைப்பட்டுச்சு. இன்னிக்கு அம்மாக்களுக்கு ஈஎம்ஐஎஸ் பதிவுல 'அரசு'ங்கிற வார்த்தை தேவைப்படுது. 120 வருஷத்துல கதவு நிஜமாவே அகலமாயிருக்கு, அதை மறுக்கவே முடியாது. ஆனா எந்தக் கதவுன்னு சொல்றது இன்னும் வீட்டுக்கு வெளியதான் இருக்கு.

ஆகஸ்ட் 1

இதுவரைக்கும் போற புள்ளைங்களைப் பத்திப் பேசினோம். இப்போ, போகாத பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆகுது?

தமிழ்நாட்டுல ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வெச்சுத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்னு நிர்ணயிப்பாங்க. எண்ணிக்கை குறைஞ்சா அந்த வாத்தியார் 'உபரி'. பணிநிரவல்னு சொல்லி வேற பள்ளிக்கு மாத்திருவாங்க. கணக்கா பார்த்தா ரொம்ப நியாயம். புள்ளைங்க இல்லாத இடத்துல வாத்தியார் எதுக்கு?

ஆனா சுத்து எப்படிப் போகுதுன்னு பாருங்க. பத்துப் பதினஞ்சு புள்ளைங்க பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போறாங்க. ஆகஸ்ட்ல கணக்கு வாத்தியார் உபரி ஆகிறார். அடுத்த மே மாசம் ஊர்ல பேச்சு: "அங்க கணக்கு எடுக்க ஆளே இல்லயாமே!" இன்னும் பத்துப் பேர் போறாங்க. மறுபடி ஆகஸ்ட். இதுல தப்புப் பண்ணினது யாரு? யாருமே இல்ல. பெத்தவங்க முடிவு சரி, ஆபீஸ் கணக்கு சரி, வாத்தியார் பாவம். ஆனா ஒரு பள்ளிக்கூடம் கண்ணு முன்னாடி தேயுது. இதோட கடைசிக் கட்டம் 2019-ல தெரிஞ்சுது. ஒரு மாணவர்கூட சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளைத் தற்காலிகமா நூலகமா மாத்துறதா அறிவிச்சாங்க.

எங்க பெரியப்பா மக, எனக்கு அக்கா முறை. மாமா சிங்கப்பூர்ல. பொண்ணு எட்டாவது முடிச்சதும் ஊர் உயர்நிலைப் பள்ளியில இருந்து டி.சி. வாங்கிப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில சேர்த்தாங்க. "நல்லாத்தானேக்கா படிச்சுக்கிட்டு இருந்தா?"ன்னு கேட்டேன். அக்கா சொன்னது இதுதான்: "தம்பி, இவ இங்கயே படிச்சா வாத்தியார் இருப்பாகளா மாட்டாகளான்னு நான் வருஷா வருஷம் பயப்படணும். அங்க அந்தப் பயம் இல்ல. அதுக்குத்தான் பஸ்ஸுக்கு அனுப்புறேன்." அக்கா நல்ல பள்ளிக்கூடத்தைத் தேடல, பயமில்லாத பள்ளிக்கூடத்தைத் தேடுனாங்க. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா போன வருஷம் வரைக்கும் ஹெட்மாஸ்டர் ரூமுக்கே போய் "ஏன் லேப் பூட்டியே கிடக்கு?"ன்னு கேட்டவங்களும் அதே அக்காதான். இப்போ அந்தப் பள்ளிக்கூடத்துல அதைக் கேக்க ஒரு ஆள் குறைஞ்சு போச்சு.

இதை 1970-லயே ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதார அறிஞர் எழுதியிருக்கார். ஒரு நிறுவனம் சரியில்லன்னா மக்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு வெளிய போறது, இன்னொண்ணு உள்ள இருந்து குரல் கொடுக்கிறது. தரம் பத்தி அதிகமா கவலைப்படுறவங்கதான் முதல்ல வெளிய போவாங்க, குரல் கொடுக்கக் கூடியவங்களும் அவங்கதான்னு பள்ளிக்கூடத்தையே உதாரணமாச் சொல்லியிருக்கார். அவங்க போனதும் மிஞ்சுறது போக முடியாதவங்க. கேக்கவும் தெம்பில்லாதவங்க.

சிலி நாட்டுல 1981-ல இதையே பெரிய அளவுல செஞ்சு பார்த்தாங்க. எந்தப் பள்ளியில சேர்ந்தாலும் அரசுப் பணம் புள்ளை பின்னாடியே போகும்னு திட்டம். பெத்தவங்க தேர்ந்தெடுத்தா போட்டியில எல்லாப் பள்ளியும் முன்னேறும்னு எதிர்பார்ப்பு. ஷே, உர்கியோலான்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு 2006-ல எழுதினாங்க. நாட்டோட சராசரி மார்க் உயர்ந்ததுக்கு ஆதாரம் இல்ல. நல்லாப் படிக்கிற, வசதியுள்ள வீட்டுப் புள்ளைங்க பொதுப் பள்ளியை விட்டுப் போனதுதான் நடந்துச்சு. புள்ளைங்களை இடம் மாத்தி அடுக்கினாங்க, அவ்வளவுதான்.

அப்போ என்னதான் பண்றது?

"உன் புள்ளைய ஊர்ப் பள்ளியிலயே சேர்"னு உபதேசம் பண்ண நான் வரல. அடுத்தவங்க புள்ளைய வெச்சு தியாகம் பண்ணச் சொல்றது ரொம்ப ஈசி. அதுவும் பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு.

ஆனா இந்த வரலாறு ஒண்ணு சொல்லுது. கதவு திறந்தது, தூரம் குறைஞ்சது, சைக்கிள் வந்தது, எதுவுமே பெத்தவங்க தனித்தனியா 'நல்ல பள்ளி' தேடினதால நடக்கல. தீர்மானம் போட்டாங்க, கேஸ் போட்டாங்க, மாநாடு கூட்டி பெஞ்சு வாங்கிக் கொடுத்தாங்க, இயக்கம் நடத்தினாங்க. டொபீகாவுல 13 பேர் சேர்ந்து போனதாலதான் அது வழக்காச்சு. ஆலிவர் பிரவுன் மட்டும் வேற ஊருக்கு வீடு மாத்திப் போயிருந்தா லிண்டாவுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைச்சிருக்கலாம், மத்த புள்ளைங்களுக்குத் தீர்ப்பு கிடைச்சிருக்காது.

இன்னிக்கு அதுக்கு ஒரு இடம் சட்டத்துலயே இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், பாதிப் பேர் பெண்கள். எட்டாவது வரைக்கும்தான் அந்தச் சட்டம்னாலும், கூடிப் பேச அது போதுமான திண்ணை. ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி ஜூன்லயே கூடி, "இந்த வருஷம் எத்தனை பேர் போறோம், ஏன் போறோம், எது இருந்தா இருப்போம்"னு மூணு கேள்வி கேட்டு மினிட்ஸ் புத்தகத்துல எழுதி வெச்சா போதும். ஒரு கணக்கு வாத்தியார் இருந்தா இருபது பேர் இருப்பாங்கன்னு எழுத்துல இருந்தா அது புலம்பல் இல்ல, மனு. போறவங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம். டி.சி. வாங்கிட்டா குரலையும் சேர்த்து வாங்கிட்டுப் போகணும்னு எந்த விதியும் இல்லையே?

"எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?"ன்னு கேக்குறப்போ கூடவே இதையும் கேளுங்க மக்களே: "நாம போகாத பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா?" பஸ்ஸுக்கு அனுப்ப மாட்டேன்னு அப்பத்தா சொன்ன பொண்ணு இருக்கும். சாயங்காலம் ஆடு புடிச்சுக் கட்ட வேண்டிய பையன் இருப்பான். அவங்க வீட்டுல மே மாசம் அந்தக் கேள்வியே வராது. அவங்களுக்கு இருக்கிறது ஒரே பள்ளிக்கூடம்தான், அது நல்லா இருந்தே ஆகணும்.

டிஸ்கி: இது மாவட்டத்துக்கு ஒரு கதை. தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லைப் பக்கம், யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கிறவங்க உங்க ஊர்ல எந்தக் கதவு, எந்த ரோடு, எந்த குரூப் உங்க பள்ளிக்கூடத்தை முடிவு பண்ணுச்சுன்னு எழுதுங்க. அப்பா, அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. எனக்கு ஒரு மணி நேரக் கதை கிடைச்சுது, உங்களுக்கும் கிடைக்கும்.